மீனம்மாவின் நெருப்புப்பெட்டி

மயில்வாகனத்தார் தேனீ வளர்க்கிறார் என்ற கதை விசுவமடுவில் பரவியபோது, அந்தத் தேனீ யாருடையது என்ற கதையும் கூடவே பரவியது. ஆனால் அவர் முன்னால் எவரும் வாய் திறக்கவில்லை. போர்த்தடையில் ஓமந்தைக்கு அங்கால் சீனி நின்றுபோன தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. அவர் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியோடு ஒரு கரண்டி தேன் கிடைக்கும். தேன் நக்கிய நாக்குகள் மடங்கியே கிடந்தன.

தேனீ மீனம்மாவுடையது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, அவருடைய வேலிக்கு இப்பால் அரை ஏக்கரில் மிளகாய் நட்டவள். காட்டோரத்து மரப்பொந்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பிடித்துவந்து பலகைப் பெட்டியில் வைத்து மூன்று வருடம் வளர்த்தாள். பிடித்த அன்றைக்குப் புகை காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. மயில்வாகனத்தாரைக் கூப்பிட்டாள். அவள் செய்த பிழை அதுதான். இராணியை நெருப்புப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோனால் முழுக் கூட்டமும் பின்னால் வரும் என்பதை அந்த மனிதர் அன்று கண்ணால் கண்டார். அதற்குமேல் படிக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை.

மாசியில் ஒருநாள் மீனம்மா நிவாரண வரிசையில் நின்றுவிட்டு மத்தியானம் வந்தாள். பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. வேலிக்கு அப்பால், வேப்பமரத்தின் கீழே, புதுப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

ஊர்ச் சங்கத்தில் முறையிட்டாள். சங்கத்தின் செயலாளர் வேறு யார், மயில்வாகனத்தார்தான்.

"காணிக்கு எழுதுறமாதிரிப் பூச்சிக்கும் உறுதி எழுதி வச்சிருக்கிறியோ?" என்றார். "அது விரும்பின இடத்தில இருக்கும். தோட்டக்காட்டில கொழுந்து கிள்ளினவளுக்குத் தேனீயைப் பற்றி என்ன தெரியும்?"

கூட்டம் சிரித்தது. மீனம்மா சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"சரிங்க ஐயா. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்," என்றாள்.

மறுநாள் காலையில் வேலியோரம் வந்து நின்றாள். கையில் ஒரு நெருப்புப்பெட்டி.

"என்ன மீனம்மா, அடுப்புக்கு நெருப்போ?" என்றார் மயில்வாகனத்தார்.

"இல்லீங்க. சும்மாதான்."

அவர் வேப்பமரத்தடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். தான் செய்ததுபோல் அவளும் இராணியை அதற்குள் போட்டுக் கொண்டுபோய்விட்டால்? அன்றைக்கே பழைய தகரமொன்றில் ஆணியால் சின்னச் சின்னத் துளையிட்டுப் பெட்டி வாசலில் அறைந்தார். பூவுக்குப் போய்வருகிற வேலைக்காரத் தேனீ சிறியது, நுழையும். இராணி பெரியது, நுழையாது. வருவோர் போவோருக்கெல்லாம் தகரத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

மீனம்மா தினமும் வந்து நின்றாள். ஏனென்று அவளுக்கு மட்டும் தெரியும். இராணி கிழடு, பங்குனி தாண்டாது. வேலைக்காரிகள் தாங்களே ஒரு புழுவுக்குத் தனிச் சாப்பாடு ஊட்டிப் புது இராணியை உண்டாக்குவார்கள். அந்தப் புதியவள் வெளியே பறந்து ஆண்களோடு சேர்ந்து திரும்பினால்தான் வேலைக்காரிகள் பிறப்பார்கள். தகரம் மறித்துச் சேராவிட்டால் இடுகிற முட்டையெல்லாம் ஆண். ஆண் தேனீ பூவுக்குப் போகாது, தேன்வதை கட்டாது, கொட்டக்கூடத் தெரியாது. தின்னும், அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில் மயில்வாகனத்தாரின் மனைவி இராசமலர் கிணற்றடியில் கதை கொண்டுவந்தாள்.

"பழைய ராணி செத்துப்போச்சு, மீனம்மா. புதுசா ஒண்டு ஓடித் திரியுதாம். இவர் தனக்கு யோகமெண்டு குதிக்கிறார். இனித் தகரத்தைக் கழட்டினால் என்ன எண்டும் யோசிக்கிறார்."

மீனம்மாவின் கையில் கயிறு நின்றது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது. கழட்டச் சொல்லுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் பிழைத்துவிடும். மூன்று வருடம் எறும்பு ஏறாமல் காத்த கூட்டம். பிறகு அந்தச் சிரிப்புக் காதில் கேட்டது. வாளியை மேலே இழுத்தாள்.

அன்று பின்னேரம் நெருப்புப்பெட்டியோடு வேலியடியில் வழமையைவிட ஒரு மணித்தியாலம் கூடுதலாக நின்றாள். தகரத்துக்கு இன்னும் இரண்டு ஆணி ஏறியது.

ஆனியில் தேன் எடுக்கிற நாளென்று சங்கத்து ஆட்களை அழைத்தார் மயில்வாகனத்தார். அவரவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து குந்தினார்கள். மூடியைத் திறந்தால், உள்ளே கறுத்துக் கொழுத்த ஆண் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பூவுக்குப் போக ஒரு கைப்பிடி வேலைக்காரிகள்கூட மிஞ்சவில்லை. வதை காய்ந்து புழு வைத்திருந்தது. தேன் ஒரு சொட்டு இல்லை.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். மாசிக் கூட்டத்தில் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவள். "உதென்ன செயலாளர், முழுக்கச் சங்கத்து ஆக்கள் மாதிரி இருக்குது. தின்னுது, இரையுது, வேலையைக் காணேல்லை."

இந்த முறையும் கூட்டம் சிரித்தது.

அவர்கள் போனபின் மயில்வாகனத்தார் வேலிக்கு வந்தார். "மீனம்மா, நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ." இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் 'நீங்கள்' அது.

"பார்க்க என்னங்க இருக்கு? கலியாணத்துக்குப் போகவேண்டிய பொண்ணத் தகரம் போட்டு அடைச்சுட்டீங்க. வேலைக்காரி எங்கிருந்து பொறக்கும்? இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"கொழுந்து கிள்ளினவளுக்கு என்னங்க தெரியும்?"

நெருப்புப்பெட்டியை வேலிக்கு மேலால் நீட்டினாள். அவர் ஓரடி பின்வாங்கி, பிறகு வாங்கித் தள்ளித் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்லீங்க," என்று சொல்லி, கிடைக்க அரிய சாமானென்பதால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாளில் வேலிக்கு அப்பாலிருந்த இரைச்சல் அடங்கிப்போனது. அந்த மூன்று நாளும் மீனம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. நாலாம் நாள் பழைய பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டுக் காட்டோரம் போனாள். ஒரு கையில் புகைச்சட்டி, மறு கையில் நெருப்புப்பெட்டி. இரண்டையும் பிடித்துக்கொண்டு மரத்தில் ஏறுவது பெரும் பாடு. ஆனாலும் புகை காட்ட அவள் எவரையும் கூப்பிடவில்லை.