செருப்பு தேடும் நேரம்

அந்தப் பள்ளிவாசலில் தேர்தல் நடக்காமல் இல்லை. வருஷம் தவறாமல் நடந்தது. எப்போது நடந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும். துவா முடியும். கூட்டம் எழுந்து வாசலுக்குப் பாயும். ஆளாளுக்கு முதுகை வளைத்துத் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் தலைவர் தொண்டையைச் செருமுவார். "இந்த வருஷமும் பழைய நிர்வாகமே தொடரணும்னு அபிப்பிராயம். ஆட்சேபணை உண்டா?" ஒரு மூச்சு விடுவார். "இல்லை. அல்ஹம்துலில்லாஹ்." யார் செருப்பை யார் மாட்டிக்கொண்டு போனது என்ற சண்டைக்கு நடுவே ஜனநாயகம் இனிதே நிறைவேறிவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அங்கே வாயுள்ள பிள்ளைகள் எல்லாரும் அந்த நேரத்தில் வாசலில் குனிந்திருந்தார்கள்.

அப்படித் தலைவரானவர்தான் ஊருக்குப் பொது விவாதம் ஒன்றையும் ஏற்பாடு செய்தார். தலைப்பு: நவீன சமூகத்தில் இஸ்லாத்தின் எதிர்காலம். கீழே சின்ன எழுத்தில்: ஜனநாயகமும் சீர்திருத்தமும். பதாகை அச்சடிப்பவர் அளவு பார்த்துவிட்டு, "பாய், எல்லாம் அடங்கலை. உங்க போட்டோவைக் கொஞ்சம் சின்னதாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எதிர்காலத்தைச் சின்னதாக்குங்க," என்றார் தலைவர்.

விவாதத்தை நடத்தக் கண்ணாடிக்காரனைப் பிடித்தார்கள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். இயற்பியல் படித்தவன். இன்னும் முப்பதைத் தொடவில்லை. மனைவி இறந்த பிறகு அவன் சிரிப்பதில்லை, கோபப்படுவதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி.

"உன்னை மாதிரி நடுநிலைமையான ஆளு இந்த ஊர்லயே கிடையாது, தம்பி," என்றார் தலைவர்.

துக்கத்தை அவர் நடுநிலைமை என்று எடுத்துக்கொண்டார். அவன் திருத்தவில்லை. திருத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

தலைவர் அவன் கையில் இரண்டு பொருட்களைக் கொடுத்தார். ஒன்று, கூட்டத்தின் கடைசியில் வாசிக்க வேண்டிய தீர்மானங்கள். இன்னொன்று, ஒரு சாவி. நாற்காலிகள் இருந்த அறையின் சாவி.

அந்த அறைக்கு ஒரு கதை உண்டு. பள்ளிவாசலின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்த தனிக் கதவோடு கட்டிய அறை. கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் 'பெண்கள் தொழும் இடம்' என்று இன்றும் இருக்கிறது. கட்டின புதிதில் பெண்கள் வந்து தொழுதார்கள். பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாங்கின நாற்காலிகளை ரெண்டு நாளைக்கு மட்டும் என்று உள்ளே அடுக்கினார்கள். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பது பழமொழி. இந்த நாற்காலிகள் பாய் கேட்கவில்லை. அங்கே ஏற்கெனவே விரித்திருந்த பாய்களையும் வெளியே தள்ளிவிட்டன.

அவன் மனைவிக்கு ஜனாஸா என்ற இறுதித் தொழுகை நடந்த அன்று மழை. உள்ளே ஆண்கள் வரிசை கட்டித் தொழுதார்கள். அவளைப் பெற்றவளும் அவளுடைய தங்கையும் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்கு அடியில், பாதி நனைந்தபடி நின்று தொழுதார்கள். அறை பூட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகள் நனையாமல் இருந்தன.

அன்றிலிருந்து மச்சினி அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைவரும் ஒவ்வொரு முறையும் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அல்லாஹ் நாடினால் என்ற சொல்லை, தான் நாடாத காரியங்களுக்கு மட்டுமே செலவழிப்பார் அவர்.

விவாதத்துக்கு முதல்நாள் மச்சினி கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பணி முடிந்து அதே சீருடையில் வந்திருந்தாள். தாயின் கண்ணாடிக் காது தளர்ந்துவிட்டதாம். அவன் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் மேசைமேல் கிடந்த தீர்மானங்களைப் படித்தாள். நாலு தீர்மானங்கள் உலக அமைதி பற்றியவை. ஐந்தாவதில் அவள் கண் நின்றது.

"மச்சான், இது என்ன? 'பெண்கள் தொழும் இடம், இஸ்லாத்தில் பெண்ணுரிமை ஆய்வு மையமாக மாற்றப்படும்'?"

"ஆமா."

"அப்ப இனி தொழவே முடியாதா?"

"மையம்னா மேசை, அலமாரி எல்லாம் வரும்."

"மையத்துல யார் யாரு?"

"தலைவர். தலைவரோட மச்சான். தலைவரோட மகன்."

"பொம்பளை?"

"ஆய்வுக்கு எடுத்துக்குவாங்க போல."

அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள்தான் சிரித்தாள். சிரித்த வாய் மூடும் முன்பே கண் சிவந்துவிட்டது.

"நாற்காலி போட்டிருந்தவரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு. நாற்காலியைத் தூக்கிரலாம். ஆய்வு மையத்தை யார் தூக்கறது? இதை நீங்கதான் வாசிக்கணுமா?"

"ம்."

"வாசிப்பீங்களா?"

அவன் கண்ணாடியை ஊதித் துடைத்தான்.

"அக்கா இருந்திருந்தா—"

"அவ இல்லை."

"தெரியும். அவ இல்லாமப் போன அன்னைக்கு நான் எங்க நின்னேன்னும் தெரியும்."

அவன் கண்ணாடியை உறையில் போட்டு நீட்டினான். பிறகு அவள் வேறு குரலில் கேட்டாள். "நாற்காலியை எல்லாம் எப்ப வெளிய எடுப்பீங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

"கூட்டம் முடியறவரை அறை காலியாத்தானே இருக்கும்?"

"இருக்கும்."

"சரி," என்றாள். அந்த வீட்டில் அவள் கத்தினால் யாரும் பயப்பட மாட்டார்கள். சரி என்றால்தான் பயப்படுவார்கள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "அக்காவோட தொழுகை விரிப்பு உங்க அலமாரியிலதானே இருக்கு?"

"மேல்தட்டுல. எடுத்துக்க."

மறுநாள் நாற்காலிகள் எல்லாம் தெருவைக் கடந்து எதிரே இருந்த கூடத்துக்குப் போயின. அறை கூட்டிப் பெருக்கினது போல் வெறிச்சென்று ஆனது. அவன் கதவைச் சாத்தினான். பூட்ட மறந்தான் என்று சொல்ல முடியாது. பூட்டைக் கையில் எடுத்தான், பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாலை அஸர் தொழுகை முடிந்ததும் விவாதம் ஆரம்பித்தது. தலைவர் கூடம் முழுக்கக் கம்பளம் விரித்து, வழக்கப்படி எல்லாரையும் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் செய்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் இதை எதிர்பார்க்கவில்லை. இஸ்லாம் பற்றிப் பருமனான நூல்கள் எழுதியவர். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. விவாதம் முடியும்வரை அந்தக் காலை மற்ற காலால் மறைத்தபடியே மறுமலர்ச்சி பற்றிப் பேசினார். அவர் பக்கத்தில் இணையப் பேச்சாளர். வாலிபர். அளவெடுத்துச் செதுக்கின தாடி. தன் கைப்பேசியைத் தன் எதிரிலேயே நிறுத்திவைத்து, கூட்டத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்தே பேசினார். நடுவில் தலைவர். எட்டப் பார்க்கும் கண்ணாடி, கிட்டப் பார்க்கும் கண்ணாடி இரண்டையும் கழற்றிப் பையில் வைத்திருந்தார். படத்தில் வயசாகத் தெரியுமாம்.

"நமக்குத் தேவை ஒரு உரையாடல் வெளி," என்றார் பேராசிரியர்.

"வெளிய என்ன இருக்கு? எல்லாம் உள்ளேயே இருக்கு!" என்றார் இணையப் பேச்சாளர். கைப்பேசி அதை ஆமோதித்தது.

"நீங்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை."

"நீங்க எழுதினதையே நான் படிக்கலை. சொன்னதை எதுக்குக் கேக்கணும்?"

கண்ணாடிக்காரன் மணியடித்தான். அடுத்த முறை தலைவருடையது. அவர் ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்து முழங்கினார். "ஆலோசனை செஞ்சு ஆளணும்னு உலகத்துக்குச் சொன்னதே நாமதான். ஜனநாயகத்தைக் கொடுத்தவங்களே நாமதான்!"

"எப்ப பாய் திருப்பி வாங்கினீங்க?" என்று கடைசி வரிசையிலிருந்து ஊர்த் தையல்காரர் கேட்டார். கூடம் குலுங்கிச் சிரித்தது. நடுநிலைமை மட்டும் சிரிக்கவில்லை.

தலைவர் பேச்சை மாற்றினார். கூடத்தின் ஓரத்தில் நீலத் துணி கட்டி மறைத்திருந்த பகுதியைக் கை காட்டினார். "பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருக்கோம். அவங்களையே கேப்போம். தாய்மார்களே, உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

துணிக்குப் பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"பாத்தீங்களா, பேராசிரியரே?" என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி. பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

துணிக்குப் பின்னால் ஒரு ஈ காக்கைகூட இல்லை என்பது மேடையில் இருந்த ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவன் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. சந்தின் பக்கம் அந்தப் பச்சை எழுத்துக் கதவு திறந்திருந்தது. கக்கத்தில் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் துடைப்பம். அவன் மனைவியைப் பெற்ற மாமி வாசற்படியில் நின்று, கல்யாண வீட்டில் பந்திக்கு அனுப்புகிற மாதிரி, உள்ளே போ உள்ளே போ என்று கை காட்டினாள். முன்வரிசையில் ஒரு மரூன் நிற விரிப்பு கிடந்தது. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட அடையாளம். அது சுட்ட அன்று வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தான்.

இருட்டத் தொடங்கும் நேரம் விவாதம் முடிந்தது. இஸ்லாத்தின் எதிர்காலம் பிரகாசமாக இருப்பதாக மூன்று பேரும் மூன்று காரணங்களுக்காக ஒத்துக்கொண்டார்கள்.

"தீர்மானத்தை இப்ப வாசிக்காதே, தம்பி," என்று தலைவர் காதோடு சொன்னார். "எல்லாரும் எந்திரிக்கட்டும். எப்பவும் போல."

எல்லாரும் எழுந்தார்கள். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வாசலில் முதுகுகள் வளைந்தன. ஒற்றைச் செருப்போடு ஒருவர் நொண்டினார். "யோவ், அது என்னுது!" என்ற குரல் கேட்டது. மேடையில் தலைவர் பேராசிரியரின் தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றார்.

கண்ணாடிக்காரன் ஒலிவாங்கி முன்னால் போனான். முதல் நாலு தீர்மானங்களையும் எழுதியிருந்தபடி வாசித்தான். உலக அமைதிக்கு யாருக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை. தலைவர் ஒவ்வொன்றுக்கும் படத்திலிருந்து முகத்தைத் திருப்பாமலே "இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று குரல் கொடுத்தார்.

ஐந்தாவதுக்கு வந்ததும் அவன் தாளை நாலாக மடித்தான்.

"ஐந்தாவது. பெண்கள் தொழும் இடத்தில் இனிமேல் நாற்காலியோ மேசையோ வைக்கப்படாது. அங்கே பெண்கள் தொழுவார்கள். சாவி அவர்களிடமே இருக்கும். ஆட்சேபணை உண்டா?"

குரலில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கண்ணாடி எண் சொல்லுகிற குரல். தெருக்கோடிவரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், எல்லாத் திசைக்கும் கேட்டது. தலைவர் வழக்கமாக விடுவது ஒரு மூச்சு. அவன் நியாயமாக இருக்கட்டும் என்று இரண்டு மூச்சு சேர்த்தே விட்டான்.

"இல்லை, அல்ஹம்துலில்லாஹ்," என்றார் தலைவர், பல் தெரியச் சிரித்து. படம் எடுத்தார்கள்.

நாற்காலி சுமந்த ஆட்கள் சந்துக்குப் போனபோதுதான் விஷயம் வெடித்தது. வாசற்படியில் மாமி நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் வேடிக்கை பார்க்க ஊர்.

"என்ன மாமி இது? இது நிர்வாகத்தோட அறை!"

"நீங்கதானே அல்ஹம்துலில்லாஹ் சொன்னீங்க? எங்க காதுல விழுந்துச்சே."

"எதுக்குச் சொன்னேன்?"

"அதை எங்களைக் கேட்டா? அல்லாஹ்வைப் புகழ்ந்து முடிச்சதை மாத்தற பழக்கம் எங்க வீட்டுல இல்லை, தம்பி."

தலைவர் திரும்பிக் கண்ணாடிக்காரனைப் பார்த்தார். "உன்னை நடுநிலைமைனு நம்பினேன்!"

"ஆட்சேபணை உண்டான்னு கேட்டேன், பாய்."

"நான் கவனிக்கலை! யாருமே கவனிக்கலை! எல்லாரும் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தாங்க! இதெல்லாம் செல்லாது!"

கூட்டத்தில் ஒரு கனைப்பு. தையல்காரர். தன்னுடையது ஒன்றும் அடுத்தவருடையது ஒன்றுமாக மாட்டியிருந்தார். "செருப்பு தேடும்போது எடுத்த முடிவு செல்லாதுன்னா, பாய்..." என்று மெதுவாக இழுத்தார். "அப்ப நீங்க யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தலைவருக்கு உறைத்தது. சிரித்திருந்தால் சமாளித்திருப்பார். ஊரே அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தது. இணையப் பேச்சாளரின் கைப்பேசியும் இப்போதுதான் முதல் தடவையாக இன்னொருவர் பக்கம் திரும்பியிருந்தது. அந்த நேரம் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். பிழைத்தோம் என்று தலைவர்தான் முதல் ஆளாகப் பள்ளிக்குள் போனார்.

"கீழிருந்து எழும் சீர்திருத்தம்!" என்று பேராசிரியர் நெகிழ்ந்தார். அவருடைய விலை உயர்ந்த காலணியை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெருவிரலோடு தெருவில் நின்றார்.

தொழுகை முடிந்து வந்தபோது நாற்காலிகள் சந்திலேயே கிடந்தன. வைக்க இடம் இருந்தது நிர்வாக அலுவலகத்தில் மட்டும்தான். சுவரிலிருந்து சுவர்வரை அடுக்கினார்கள். தலைவர் தன் நாற்காலிக்குப் போக இனி மற்ற நாற்காலிகள் எல்லாவற்றின் மீதும் ஏறிப் போக வேண்டும்.

மச்சினி கதவருகே வந்தாள். கண்ணாடிக்காரன் சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மச்சான், இது ஜனநாயகமா?"

"இல்லை. தலைவரோட வழி."

"தெரியுதுல்ல? இதே மாதிரி நாளைக்கு அவங்க திருப்பி எடுத்துக்கலாம். இருங்க. சாவி யார்கிட்ட இருக்கணும்னு உள்ள ஓட்டுப் போடறோம். சொல்லும்போது குடுங்க."

"நான் எங்க இருக்க?"

அவள் விரலை நீட்டிக் காட்டினாள். செருப்புத் தட்டு. தகரக் கூரை.

அவள் கதவைச் சாத்தினாள். அவன் அங்கே போய் நின்றான். மழை இல்லை. இருந்தாலும் கூரைக்கு அடியில் ஒரு ஈர வாடை இருந்தது. தகரம் ஒரு இடத்தில் ஓட்டையாகி, அதன் வழியே வானம் தெரிந்தது. அன்று அந்த ஓட்டை வழியாக யார் தோளில் ஒழுகியது என்று அவன் யோசித்தான். கேட்க வேண்டும். கேட்டால் மச்சினி சொல்லுவாள், திட்டிவிட்டுச் சொல்லுவாள்.

உள்ளே சந்தைக்கடை மாதிரிச் சத்தம். மாமிக்கு ஒரு கட்சி, தையல்காரர் சம்சாரத்துக்கு ஒரு கட்சி. "பெத்த மகள்கூட எனக்குப் போடலையா?" என்று மாமி அலறுவது தனியாகக் கேட்டது. "உம்மா, நீங்க சாவியை அரிசிப் பானையில போட்டுட்டு ஊரெல்லாம் தேடுவீங்க!" என்று மச்சினி பதிலுக்கு அலறினாள்.

பள்ளிக்குள்ளிருந்து செருப்புத் தட்டுக்கு வந்த தலைவர் நின்று காது கொடுத்தார். "பாரு தம்பி, அஞ்சு நிமிஷத்துல அடிச்சுக்கறாங்க. எங்க காலத்துல இப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கியா?"

"இல்லை, பாய்," என்றான் கண்ணாடிக்காரன்.

அப்போது உள்ளேயிருந்து யாரோ ஒரு கிழவியின் குரல், மற்ற சத்தங்களை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு!"

தலைவர் தன்னையறியாமல் தொண்டையைச் செருமினார். பிறகு, அங்கே தன் குரலுக்கு வேலை இல்லை என்று தெரிந்து, குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடிக்காரன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடும்வரை அங்கேயே நின்றான்.