லுப்கின் வழக்கும் ஃபைனாவின் தக்காளி நாற்றும்

துணை மேயர் ஆர்சேனி லுப்கின் மேல் பனி விழுவதில்லை. தலைக்கு ஒரு முழம் மேலேயே உருகித் தூறலாகச் சொட்டும். தால்கோவ்ஸ்க் நகரத்தார் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரின் சூடெல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே. வீடுகளைச் சூடாக்கக் குழாய்வழி வெந்நீர் அனுப்பும் பொதுக் கொதிகலனில் முதலில் கரி அள்ளிப் போட்டவர் அவர். மேற்பார்வையாளர் ஆனபோது ஆற்றங்கரைத் தெரு குளிர்ந்தது. துறைத் தலைவர் ஆனபோது ஆஸ்பத்திரி குளிர்ந்தது. புதுக் குழாய்களுக்கு மாஸ்கோவிலிருந்து வந்த பணம் குழாயாகாமலே தீர்ந்த வருடம் துணை மேயரானார். ஜனவரியில் மெல்லிய சட்டையோடு வியர்க்க வியர்க்க நடந்தார். அவர் நின்ற இடத்தில் புல் முளைத்தது.

ரொட்டி ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஃபைனா யெகோரொவ்னாவுக்கு அவர்மேல் இருந்த பகை தக்காளியால் வந்தது. பிப்ரவரியில் ஜன்னலோரம் பால் அட்டைப்பெட்டிகளில் விதை போடுவாள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்க, மார்ச்சில் நாற்றுகள் கழுத்தொடிந்து சாயும். கோடையில் தோட்டத்தில் நட ஒன்றும் மிஞ்சாது. குளிர்காலத்துக்கு ஊறுகாய் ஜாடிகள் காலி. மனுமேல் மனு போட்டாள். எல்லாம் பரிசீலனையில் இருந்தன. கடைசியில் மாகாணத்துத் தணிக்கையாளர் ஒருவருக்கு லுப்கினிடம் கைகுலுக்கியதில் உள்ளங்கை கொப்பளித்துப்போக, லுப்கினைக் கைது செய்தார்கள்.

நீதிமன்றத்திலும் சூடு கிடையாது. லுப்கினைக் கம்பிக் கூண்டில் உட்காரவைத்ததும் நீதிபதி தமாரா லிவோவ்னா அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக ரோமக் கோட்டைக் கழற்றினார். பக்கத்து அலுவலகத்தார் காலுறை காயவைக்க வந்தார்கள். தினமும் மாலையில் விசாரணை மறுநாளுக்குத் தள்ளிப் போனது. முக்கிய சாட்சி ஃபைனாதான். அவள் முறை மட்டும் வரவேயில்லை. வசந்தத்தில் வழக்கு தூங்கும், முதல் பனிக்கு விழிக்கும். இப்படியே வருடங்கள் போயின.

"நாளைக்கு நாளைக்குன்னா, நான் செத்தப்புறமா வந்து சொல்றது?" என்று ஒருநாள் காவலாளி கோஷாவிடம் கத்தினாள்.

"அத்தை, நீங்க சொல்லிட்டா தீர்ப்பு வந்துரும். இவரைத் தூரத்துச் சிறைக்கு ஏத்திருவாங்க. அப்புறம் எங்க கால்விரல் கதி?"

"வெட்கமா இல்ல? அது நம்ம சூடுடா, நம்மகிட்ட திருடினது!"

"தெரியும் அத்தை. அதான் வந்து காயறோம்."

அடுத்த மார்ச்சில் ஃபைனா நாற்றுப் பெட்டிகளைச் சறுக்குவண்டியில் இழுத்துவந்து கூண்டோரம் அடுக்கினாள்.

"என்ன ரகம், யெகோரொவ்னா?" என்றார் லுப்கின்.

"உனக்கெதுக்கு? அசையாம உக்காரு."

உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் நாற்றுகள் நிமிர்ந்தன. அப்போதுதான், வழக்கை முடிக்கச் சொல்லி மேலிடம் நெருக்கியதால், நீதிபதி அவள் பெயரைக் கூப்பிட்டார். இத்தனை வருடம் காத்திருந்த ஃபைனா எழுந்தாள். கூண்டைப் பார்த்தாள். இரண்டே இலை விட்டிருந்த நாற்றுகளைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தக் கோடையில் தக்காளி நன்றாகக் காய்த்தது. முதல் பனி விழுந்து வழக்கு மறுபடி தொடங்கிய அன்று நீதிமன்றத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜாடி ஊறுகாய் கொடுத்தாள், லுப்கினைத் தவிர.