பூப் பார்க்க வந்தவர்கள்

"எல்லாத்தையும் வெட்டு பிள்ளை. ஒண்டும் விடாதை," என்றார் சித்தப்பா.

சிவனேஸ்வரி கத்தரிக்கோலோடு அப்பாவின் பூக்கொட்டிலுக்குள் நின்றாள். மேலே தென்னோலைக் கிடுகு, சுற்றிவரப் பழைய மீன்வலை. உள்ளே நிழலில் அந்தூரியமும் ஓர்க்கிட்டும். அவற்றுக்கு நடுவே கூண்டில்லாமல் திரிகிற கிளிகளும் சிட்டுகளும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் முரசுமோட்டை ஊரே ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கு ஆலாய்ப் பறந்த நாட்களில், அப்பா அப்புத்துரை குருவிக்குத் தினையும் செடிக்குக் கரித்தூளும் தேடி அலைந்தார். ஊர் சிரித்தது. பிறகு அதே ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தது. பூவை மட்டும் யாரும் தொடக்கூடாது. பெற்ற மகள்கூட அங்கே ஒரு பூப் பறித்துத் தலையில் வைத்ததில்லை.

இன்று விடியற்காலை, செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார்.

பரமேஸ்வரன் சித்தப்பா, கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் செத்த வீடென்றால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற மனிதர். ஆனாலும் அண்ணன்மேல் உயிர். "இந்த வைகாசி வெயிலுக்கு ஊரிலை ஒரு பூக் கிடையாது. வெறும் பெட்டியிலையோ அனுப்புறது? அவரின்ரை பூ அவரோடையே போகட்டும்," என்றபோது அவருடைய குரல் உடைந்தது. வெட்டினாள். ஒவ்வொரு தண்டாக, கடைசிப் பூ வரைக்கும்.

வெயில் ஏறியபோது வாசலில் சின்னக் குரல்கள் கேட்டன.

"டீச்சர், நம்ம வர்றோம்னு ஐயா தோரணம் கட்டியிருக்காரு!"

மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். தலையில் எண்ணெய் வழியப் படிய வாரி, தோய்த்த சட்டை போட்டிருந்தார்கள். கூட்டி வந்தவள் இலட்சுமி, குடியிருப்பின் பாலர் பள்ளி ஆசிரியை. போன கிழமைதான் அப்பாவிடம் நாள் கேட்டுக்கொண்டு போனாள். பஸ் இல்லாததால் பிள்ளைகளை நடத்தியே கூட்டி வந்திருந்தாள். நல்ல காரியத்துக்குக் கட்டும் தோரணத்தில் ஓலைக் குருவிகள் மேலே பார்க்கும். இங்கே அவை தலைகீழாகத் தொங்கின. பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. இலட்சுமி கண்டுகொண்டாள்.

"ஐயாவாங்க?"

சிவனேஸ்வரி தலையசைத்தாள்.

"தெரியாம வந்துட்டோம் அக்கா. மன்னிச்சுக்கங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"ஓம், போய்ப் பிறகொரு நாளைக்கு வாங்கோ," என்று சித்தப்பா கையை ஆட்டினார்.

பிறகொரு நாள் வந்து எதைப் பார்ப்பார்கள்? கொட்டிலுக்குள் இலையும் குருவியும்தான் மிச்சம். அப்பா இருந்திருந்தால் இந்நேரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலைக்கே ஓடியிருப்பார். சிவனேஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எல்லாம் தன்மேல்தான்.

"நில்லுங்கோ," என்றாள். "பூ வீட்டுக்குள்ளை இருக்கு. வந்து பாருங்கோ."

"உனக்கென்ன விசரே? சின்னப் பிள்ளையளைப் போய்..."

"அப்பா வரச்சொன்ன பிள்ளையள், சித்தப்பா."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்.

"கையப் பின்னால கட்டிக்கங்க," என்றாள் இலட்சுமி மெதுவாக. "பூவத் தொடக்கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரு."

பிள்ளைகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். ஒப்பாரி நின்றது. பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு இடம்விட்டார்கள். பெட்டிக்குள் அப்பா மார்பு வரைக்கும் பூவாகக் கிடந்தார். பிள்ளைகள் சுற்றி நடந்தார்கள். பயப்படவுமில்லை, அழவுமில்லை. பூப் பார்க்க வந்தவர்கள், பூவைப் பார்த்தார்கள். சித்தப்பா அப்போதுதான் வந்து சேர்ந்த பறைகாரரைப் பார்த்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

ஒரு சிறுமி மட்டும் கால்மாட்டில் நின்றுவிட்டாள். வெள்ளையில் ஊதாப் புள்ளி தெளித்த ஓர்க்கிட் ஒன்று அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"அக்கா, இது என்னா பூங்க?"

சிவனேஸ்வரிக்கு அதன் பெயர் தெரியவில்லை.

"பொறு பிள்ளை, கேட்டுச் சொல்லுறன்," என்று அப்பாவின் பக்கம் திரும்பினாள்.