இரண்டாய்ப் பிரிந்த கோடு

பழுப்புத் தாள் சுருளை நடைக்கூடத்தில் விரித்தபோது அது தலைமையாசிரியர் அறை வாசல்வரை போயிற்று. கறிக்கடையில் இறைச்சி பொதியும் தாள் அது. ஹமாதி தன் வாப்பாவின் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒரு முனையில் இன்னும் லேசாக ஆட்டுக்கொழுப்பு வாசனை அடித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி ஓரங்களில் வைத்து, தாள் மறுபடி சுருண்டுகொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். வஸீலா டீச்சர் முட்டிபோட்டு உட்கார்ந்து, மர அளவுகோலை நகர்த்தி நகர்த்தி நடுவில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். ரெதீம் என்ற அந்த அரபுச் சிற்றூரின் வரலாறு முழுக்க அந்தக் கோட்டின்மேல் வந்து உட்கார வேண்டும். பெற்றோர் வரும் நாளில் சுவரில் ஏற வேண்டும்.

முதல் வாரம் வேலை சுலபமாக நடந்தது. ரோமானியர் காலத்து எண்ணெய்ச் செக்குக் கல், ஊர் எல்லையில் இருக்கும் சூஃபிப் பெரியவரின் அடக்கத்தலம், பிரெஞ்சுக்காரர்களின் குதிரைப்படை, ரயில், பாஸ்பேட் சுரங்கம், விடுதலை. ரிஹாப் என்ற பெண் அபாரமாக வரைவாள். அவள் கையில் ரயில் எஞ்சின்கூட மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. விடுதலைக்குப் பிறகு கோடு காலியாக ஓடியது. கடைசியில் 2011 புரட்சிக் கொடி வந்துதான் அதைக் காப்பாற்றியது.

ஹமாதி அந்தக் காலி இடத்தில் நான்கு எட்டு நடந்து பார்த்தான். “டீச்சர், இங்கருந்து இங்க வரைக்கும் நம்ம ஊர்ல எல்லாரும் தூங்கிட்டா இருந்தாங்க?”

வகுப்பே சிரித்தது. வஸீலாவும் சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அவள் கடற்கரை நகரத்துக்காரி. மணமாகி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். பாடப்புத்தகத்தில் இருக்கும் தேதிகளைப் பிள்ளைகளுக்குச் சொன்னாளே தவிர, ஊரிடம் அவளாக எதையும் கேட்டதில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னாள்: “வீட்ல போய்க் கேளுங்க. ஆனா ‘என்ன நடந்துச்சு’ன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா ‘ஒண்ணும் நடக்கல’ம்பாங்க. ‘எது மாறுச்சு’ன்னு கேளுங்க. ஒருத்தர் மட்டும் சொன்னா பென்சில்ல எழுதுங்க. வெவ்வேற வீட்ல மூணு பேரு சொன்னா மையில எழுதிக்கலாம்.”

பிள்ளைகள் கை நிறையக் கொண்டுவந்தார்கள். முதல் பேருந்து, தொலைக்காட்சிப் பெட்டி வந்த காபிக்கடை, வெட்டுக்கிளி வந்த வருஷம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் சொன்னது ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது.

“எங்க வீட்டுக்கு வந்தது எழுபத்தஞ்சுல,” என்றாள் ஷெய்மா. “எழுபத்தெட்டு உலகக் கோப்பையில நம்மாளுங்க மெக்சிகோவ ஜெயிச்சாங்கள்ல, அன்னிக்குக் குழாயத் தொறந்துவிட்டு ஆடுனாங்களாம். அதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு.”

“பொய்யி,” என்றாள் ரிஹாப், வரைந்துகொண்டிருந்த இடத்திலிருந்தே. “எங்க உம்மா பத்து வயசுலயும் தண்ணி சொமந்திருக்காங்க. எம்பத்திரண்டுலதான் வந்துச்சு.”

“உங்க உம்மாவுக்குக் கணக்கு வராது.”

“உங்க உம்மாவுக்கு வெக்கம் வராது.”

வஸீலா குறுக்கே புகுந்தாள். “ரெண்டு பேரு சொல்றதும் சரியா இருக்கலாம்ல? ஷெய்மா, உங்க வீடு எங்க இருக்கு?”

“மேட்டுத்தெரு.”

“ரிஹாப்?”

“ஓடைக்கு அந்தப் பக்கம்.”

வகுப்பு அமைதியானது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அமைதி என்பது வஸீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை வந்தால் மட்டும் ஓடும் அந்த ஓடையைத் தாண்டிக் கல்யாணப் பேச்சு போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒருவரும் தண்ணீரைச் சொன்னதில்லை.

ரிஹாப் எழுந்து வந்து, எழுபத்தைந்தாம் வருஷத்திலிருந்து கோட்டை அழித்தாள். அங்கிருந்து இரண்டு கோடுகள் இழுத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. எண்பத்திரண்டில் இரண்டையும் சேர்த்தாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இப்ப சரி,” என்றாள்.

தலைமையாசிரியர் லஸ்ஹருக்கு அது சரியாகப் படவில்லை. அறை வாசலில் நின்று தாளை நீளவாக்கில் பார்த்தார். “ஊருக்கு ஒரு வரலாறுதான் டீச்சர். கோடு ரெண்டாப் பிரிஞ்சா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“நெனக்கட்டும்னுதான் சார்.”

“பெத்தவங்க வர்ற அன்னிக்கு ஏதாவது சண்டை வந்துச்சுன்னா எனக்குக் காய்ச்சல். இப்பவே சொல்லிட்டேன்.”

அந்த வாரக் கடைசியில் ரிஹாப் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் ஒரு படம் வரைந்தாள். மேட்டுத்தெருவின் தெருக்குழாய். எதிரே ஓடைக்கு அப்பாலிருந்து வந்த பெண்களும் சிறுமிகளும் கேன்களோடு நிற்கிறார்கள்; ஒரு கழுதை தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது. குழாயைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. பெண்களின் முகங்களில் கோபம் இல்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்களின் முகம். பதின்மூன்று வயதில் இவளுக்கு இது எப்படிக் கைவந்தது என்று வஸீலா வியந்து நின்றாள். பிறகு ஆசிரியர்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“பூட்டுனது யாரு?”

ஷெய்மா, “தெரியல டீச்சர்,” என்றாள், கேள்வி முடிவதற்குள். ஹமாதி கூரையைப் பார்த்தான். ரிஹாப் தலையை நிமிர்த்தாமல், “பென்சில்லதான் வரைஞ்சிருக்கேன் டீச்சர்,” என்றாள்.

“ஏன், எத்தனை பேரு சொன்னாங்க?”

“எல்லாரும் சொன்னாங்க,” என்றுவிட்டு ஹமாதி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

வீட்டில் அவள் கணவன் நூரி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். தபால் நிலைய வேலை முடிந்து அவளுக்கு முன்னால் வந்துவிடும் நாட்களில் சமையல் அவனுடையது. ஹரிஸ்ஸா மிளகாய் விழுது போட்ட தக்காளியில் முட்டை உடைத்து ஊற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். வஸீலா பையைக்கூட இறக்கவில்லை.

“மேட்டுத்தெருக் குழாயப் பூட்டி வச்சது யாருங்க?”

கத்தி நின்றது. “வாப்பாதான்,” என்றான். பிறகு, அவள் அடுத்ததைக் கேட்பதற்குள் அவனே சொன்னான்: “தண்ணித் தொட்டிக்கு அவருதான காவல். சாவி எப்பவும் இடுப்புப் பட்டையில தொங்கும். நான் சின்னப் பையன், அதப் புடிச்சுக்கிட்டேதான் நடப்பேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“ஊர் முழுக்க ஆளனுப்பி ‘எது மாறுச்சு’ன்னு கேக்கற. என்கிட்ட கேட்டியா நீ?”

அது நியாயமாகத்தான் இருந்தது. அவள் பையை இறக்கி வைத்தாள். மாமனாரை நினைத்துக்கொண்டாள். அதிர்ந்து பேசாத மனிதர். முதல் பருவ அத்திப்பழத்தை அவளுக்கென்று தனியாக எடுத்துவைப்பார். இந்த வீட்டில் எங்காவது குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டின் நடுவில்கூட எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வருவார். வயதானவரின் சிக்கனம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“பேரு மட்டும் போடாத வஸீலா,” என்றான் நூரி. “அவரு போயே ஆறு வருஷம் ஆச்சு. பதில் சொல்ல ஆளில்ல.”

“பிள்ளைங்க போடல. எனக்காகத்தான் போடல.” பூட்டைவிட அதுதான் அவளைக் கூச வைத்தது. அவள் அவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தாள். அவர்களோ அவளுக்காகப் பேசாமலிருக்கத் தாங்களே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னாள். “குழாயப் பூட்டுனது என் மாமனார். எங்க வீட்ல ஒருத்தர் சொன்னது. இது வரைக்கும் பென்சில். இனி நீங்க சொல்லுங்க.”

அடக்கிவைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. கோடையில் தொட்டி பாதிகூட நிரம்பாதாம். பூட்டச் சொன்னது மேட்டுத்தெரு ஆண்களாம், அவர் வீட்டுக்கே போய்ப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்று நெருக்கினார்களாம் என்றாள் ஷெய்மா. தன் பெரியம்மாவுக்கு மட்டும் தொட்டிச் சுற்றுச்சுவரின் பின்பக்கக் கதவைத் திறந்துவிடுவார், அவள் அவருக்குத் தூரத்துச் சொந்தம் என்றான் ஒரு பையன். “எங்க உம்மாவுக்குத் தொறக்கவேயில்ல,” என்றாள் ரிஹாப். “ஒரு நாளுமே தொறக்கல.”

எல்லாவற்றையும் வரைவது என்று முடிவாயிற்று. சங்கிலிக்குப் பின்னால் விரல் நீட்டும் ஆண்கள் வந்தார்கள். பின்பக்கக் கதவில் ஒரே ஒரு பெண் நிரம்பிய கேனோடு வெளியே வந்தாள். நடுவில் ஒரு மனிதர்.

“முகம் வரையட்டுமா டீச்சர்?”

“நீ பாத்திருக்கியா அவர?”

“இல்ல.”

“பாக்காதத வரைய வேணாம்.”

ரிஹாப் யோசித்தாள். பிறகு அவரைத் திரும்பி நிற்பவராக வரைந்தாள். குல்லாவும் குனிந்த தோளும் இடுப்புப் பட்டையும் மட்டும் தெரிந்தன. வஸீலா குனிந்து அதைப் பார்த்தாள். குழாயை மூட எழுந்துபோகும்போது அவர் முதுகு அச்சாக அப்படித்தான் இருக்கும்.

பெற்றோர் வந்த நாளில் தலைமையாசிரியருக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் சுவரில் தாளைத் தாழ்வாக ஒட்டியிருந்த நடைக்கூடத்தில் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். புதினாத் தேநீர்த் தட்டோடு பெண்பிள்ளைகள் கூட்டத்தில் புகுந்து வந்தார்கள். ஓடைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முதலில் தனித்தனியாக நின்றவர்கள், பேருந்துப் படத்துக்கு முன்னால் வந்ததும் கலந்துபோனார்கள். அதன் நிறம் பச்சையா நீலமா என்பதில் நான்கு பேருக்கு நான்கு கருத்து. வெட்டுக்கிளியைச் சுட்டுத் தின்றதை ஒருவர் ஒப்புக்கொண்டதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இத்தனை சத்தத்தை இந்தப் பள்ளிக்கூடம் கேட்டதில்லை. வஸீலாவுக்குக் கால் வலித்தது. உட்கார மனம் வரவில்லை.

கோடு பிரிகிற இடத்தில் மட்டும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மேட்டுத்தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, தேநீரை முடிக்காமலே வெளியேறினார். ரிஹாபின் தாய் மெனூபியா அங்கேயே நின்றாள். தலைத்துணியைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்தபடி, வரிசையில் நிற்கும் சிறுமிகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சிறுமி தான் என்று தேடுகிறாளோ என்னவோ.

நூரி வரமாட்டேன் என்றுதான் காலையில் சொல்லியிருந்தான். தபால் நிலையச் சட்டையோடு வந்து, ஒருவரையும் பார்க்காமல் நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றான். திரும்பி நிற்கும் மனிதரை வெகுநேரம் பார்த்தான். வஸீலா தூண் ஓரத்தில் நின்றுகொண்டாள். கிட்டே போகவில்லை.

“நீ காவக்காரர் மகன்தான?” என்றாள் மெனூபியா.

“ஆமாக்கா.”

தலைமையாசிரியர் நடப்பதை நிறுத்தினார்.

மெனூபியா விரலை நீட்டிப் படத்தைத் தொட்டாள். “பூட்டு இவ்ளோ சின்னதா இல்ல.”

நூரி குனிந்து பார்த்தான். “இல்லதான்,” என்றான். “இவ்ளோ இருக்கும்.” கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகட்டிக் காட்டினான்.

“அவ்ளோதானா? நீ உள்பக்கம் நின்னு பாத்திருப்ப. வெளிய இருந்து பாத்தவகிட்ட கேளு.” அவள் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்தாள். நடுவில் ஒரு ரொட்டி கொள்ளும்.

“அக்கா, அத நான் கையில வச்சு வெளையாடியிருக்கேன். அவ்ளோ பெருசுன்னா சங்கிலியே அறுந்துடும்.”

“அறுந்திருந்தா நல்லாருந்திருக்குமே!” என்றாள் அவள். பின்னால் நின்ற ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நூரியின் காது மடல் சிவந்தது, அவனும் சிரித்தான். ஆனால் அகட்டிய விரல்களை மடக்கவில்லை. அவளும் கைகளை இறக்கவில்லை.

ரிஹாப் ரப்பரை எடுத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் புகுந்து முட்டிபோட்டாள். பூட்டை அழுத்தித் தேய்த்தாள். பழுப்புத் தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மிஞ்சியது. பென்சிலை அதன்மேல் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு ஜோடி விரல்களும் ஒரு ஜோடி உள்ளங்கைகளும் வெவ்வேறு அளவில் அந்தரத்தில் நின்றன.