அம்மனுக்கு முடிந்த மாதிரிக் காசு

அலுமாரிக்குள் இருக்கிற சின்னப் பெட்டியைத் தொடாதே என்று என் மனைவி ஆர்த்திகாவிடம் எத்தனை தரம் படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்! அதில் இருந்தது சும்மா காசா? புதுக் காசு வெளியிடுமுன், எப்படி வருகிறதென்று பார்க்க நாணயச்சாலையில் இரண்டு மூன்று அடித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் கைவிட்டுவிடுவார்கள். அப்படிக் கைவிட்ட, பூப்போல ஓரம் வெட்டிய, வெள்ளைக்காரன் காலத்து மாதிரிக் காசு அது. ஒரு கடைப்படியும் ஏறாதது. பழங்காசு விற்கிற காத்தான்குடி மஜீட் காக்காவுக்குப் பின்னால் நாயாய் அலைந்து வாங்கினேன்.

மகள் விதுர்ஷாவுக்குக் காய்ச்சல் என்றதும், அதைத்தான் மஞ்சள் துணியில் முடிந்து கண்ணகை அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். பிள்ளை சுகமானதும் கோயில் குளிர்த்திச் சடங்கன்று உண்டியலில் போட்டும்விட்டாள். பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"வீட்டில வேற காசே இல்லையா உனக்கு?"

"மீன்காரன்ட கைபட்ட காசையா அம்மனுக்கு முடியிற? ஒருத்தரும் புழங்காத காசெண்டு நீங்கதானே பெருமையடிச்சீங்க?"

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

அவளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் உண்டியல் எண்ணி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வேறு காசு போடுகிறேன், அதைத் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

"பூ மாதிரி ஓரம் வெட்டினதா? அது செல்லாத காசு தம்பி. ஆரோ பகிடிக்குப் போட்டதெண்டு நினைச்சன். முடிச்சுத் துணியளோட சேத்து வாவியில கொட்டியாச்சு."

"ஐயோ! எவ்விடத்தில?"

வாவிப் பக்கம் கையைக் காட்டினார். தோணியில் போய் நடுவில் கொட்டினார்களாம்.

"அது எவ்வளவு அருமையான காசு தெரியுமா அண்ணன்? ஒரு கடையிலயும் குடுபடாத காசு!"

"கடையில குடுக்க ஏலாத காச அம்மனுக்கு மட்டும் குடுக்கலாமா?"

இந்த மனிசனுக்கு நான் என்னத்தை விளக்க? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆர்த்திகாவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நேத்திக்கடன் அம்மனுக்குச் சேரல்லயா? மறுகாவும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா? இப்பவே வேற காசு போடுங்க!"

சட்டைப் பைக்குள் கைவிட்டேன். காலையில் மீன்காரன் தந்த மிச்சக் காசு ஒன்றுதான் கிடந்தது. அதில் மூக்கில் அடிக்கிற மீன் வெடில் இன்னும் போகவில்லை.

"இது சரிவருமா?" என்றேன்.

"இதுதான் காசு" என்றார் வண்ணக்கர்.

நான் யோசிக்குமுன் அவள் அதைப் பறித்து, கண்ணில் ஒற்றி, உண்டியலுக்குள் போட்டாள்.