வலப்பக்கத்து இயர்பட்

சிங்கப்பூரில் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களான எங்கள் விடுதி அறையில் பாதிப் பேரிடம் ஒரே மாதிரி இயர்பட்தான். என்னுடையதில் வலப்பக்கம் பாடவில்லை. மட்டமான சாமான் என்று திட்டிக்கொண்டே தேக்கா சந்தைப் பக்கத்து போன் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஜோடி இல்ல லா. சார்ஜ் போடுற எடத்துல மாறியிருக்கும். சரியான ஜோடிய பெட்டியில வச்சு, பட்டன அமுக்கிப் பிடிச்சு ரீசெட் பண்ணுங்க," என்றார்.

எந்த மடையன் மாற்றி எடுத்தான் என்று அறையில் கத்தினேன். மாசிலாமணி அண்ணன் தயங்கியபடி தன் பெட்டியை நீட்டினார். ஜோடி மாற்றி, ரீசெட் செய்து, அவர் போனோடு இணைத்துக் கொடுத்தேன். மாட்டிப் பாட்டுப் போட்டதும், வலது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கும் கேக்கலையாண்ணே? ஏன் சொல்லல?"

"பட்டறை சத்தத்துல காது போயிடுச்சுன்னு நெனச்சேன்டா. சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கல்ல."