கல்யாண போட்டோவில் ஒரு லிஃப்ட்

அக்கா போன் செய்தபோது நான் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தேன். என் வேலையே அதுதான். கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது, எண்ணெய் போடுவது, பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது.

"தம்பி, ஒரு சின்னச் சிக்கல்டா."

அக்கா சின்னது என்றால் அது பெரியதாகத்தான் இருக்கும்.

"என்னக்கா?"

"ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு ஒருத்தர் வந்தாரு. உனக்கு சர்டிபிகேட் தர முடியாதாம்."

"ஏன்?"

"உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சாம்."

"யாரோட?"

"டிரைவரம்மாவோடதான்."

டிரைவரம்மா என்பது நான் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணுக்கு அக்கா வைத்த பெயர். டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் ஒரு நாட்டுக்காரி, நான் ஒரு நாட்டுக்காரன், இரண்டு பேரும் பிழைக்க வந்தது மூன்றாவது நாட்டுக்கு. அந்த நாட்டு மொழியில்தான் பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் மட்டும் அவரவர் மொழிக்குப் போய்விடுவோம். அதனால் எங்கள் சண்டை ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்ததில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே பதிவுக் கல்யாணம் செய்ய வேண்டும் என்றால், 'இவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று சொந்த நாட்டிலிருந்து ஒரு சான்று கொண்டுவர வேண்டும். அவளுடையது வந்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, மேஜை டிராயரில் தயாராக இருந்தது. என்னுடையதற்கு எனக்குப் பதிலாக அக்கா மனு போட்டிருந்தாள். எங்கள் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான். அதை விட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து. என் கம்பெனி ஒப்பந்தமோ அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. கல்யாணம் ஆகிவிட்டால் அவள் கணவன் என்ற முறையில் நான் இங்கேயே இருக்கலாம், அவளுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருக்கிறது. ஆகாவிட்டால் அவள் இங்கே, நான் விமானத்தில்.

"யாருக்கா அப்படிச் சொன்னது?"

"கீழ் வீட்டு டீச்சர்."

"அவங்க எதுக்குப் பொய் சொல்றாங்க?"

"அவங்க பொய் சொல்லலைடா" என்றாள்.

பதினைந்து வருஷமாக எனக்காகத் தரகர் வந்துபோனதும், அக்கம்பக்கம் கேட்ட கேள்வியும் எல்லாம் அக்கா தலையில்தான் விடிந்தது. தம்பிக்கு என்ன குறை, தம்பிக்கு எப்போ, தம்பிக்கு இன்னுமா. போன வருஷம் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அவனுக்கு அங்கேயே பதிவுக் கல்யாணம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். டீச்சர் போட்டோ கேட்டிருக்கிறார்.

போட்டோ இருந்தது. டிரைவர் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் புது லிஃப்ட் போட்டது நான்தான். திறப்பு அன்றைக்கு என்னைக் கோட்டும் டையும் போட வைத்து, கையில் பூங்கொத்தைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். குடியிருப்பவர்கள் சார்பில் ரிப்பன் வெட்ட வந்தவள் அவள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரிக்கிறோம், சுற்றிலும் கைதட்டல். பின்னால் லிஃப்ட் கதவு, மேலே பெரிய பலகை. அக்கா பலகையையும் லிஃப்டையும் வெட்டிவிட்டு எங்களை மட்டும் வைத்துக்கொண்டாள். நாலு மாடிக்கும் இனிப்பு கொடுத்தாள். டீச்சர் கல்யாணப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரமே கொடுத்துவிட்டார்.

அப்புறம் விசாரணைக்கு வந்தவர் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, "மேல் வீட்டம்மா தம்பிக்குக் கல்யாணம் ஆகலைதானே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

"ஆகலையா? என்ன சார் சொல்றீங்க! போட்டோவே எங்கிட்ட இருக்கு, பாருங்க."

பார்த்தார். எழுதிக்கொண்டார். போய்விட்டார்.

சாயங்காலம் பஸ் டிப்போ ஓய்வறையில் டிரைவரிடம் சொன்னேன். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டாள், அப்படிச் சிரிப்பு.

"அப்போ நமக்குக் கல்யாணம் ஆகிட்டதால நம்ம கல்யாணம் பண்ணிக்க முடியாது."

"அதேதான்."

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்தாள். "மெக்கானிக், நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

"முழுப் போட்டோ எங்கிட்ட இருக்கு" என்று போனை எடுத்தாள். "இதை உங்க அக்காவே கொண்டுபோய் டீச்சர்கிட்ட காட்டணும். நம்ம சொன்னா எடுபடாது."

அன்றைக்கே அக்காவிடம் பேசினேன். ஒரே பிடிவாதம்.

"இந்தக் கட்டடத்துல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குடா. ஒவ்வொரு வாசலா போய் நான் புளுகினேன்னு சொல்லவா?"

பின்னாலிருந்து அக்கா கணவர், மாமாவின் குரல். "நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆமா, ரெண்டு டப்பா இனிப்பை உள்ள தள்ளிக்கிட்டே சொன்னீங்க!"

என்னால் கோபப்பட முடியவில்லை. எனக்காகச் சொன்ன பொய்தானே. "அக்கா, இன்னும் ஆறு வாரத்துல நான் பெட்டியோட உன் வாசல்ல வந்து நிப்பேன், தனியா. தம்பி பொண்டாட்டி எங்கன்னு டீச்சர் கேட்டா என்ன சொல்லுவ? அப்பவும் ஒரு போட்டோ வெட்டுவியா?"

"வைடா போனை" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா கிளம்பிவிட்டாளாம். ஒரு கையில் முழுப் போட்டோ, இன்னொரு கையில் அந்தச் சுவர்க் கடிகாரம். டீச்சர் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் எனக்கு வீடியோ கால் வந்தது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "தம்பி, இந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"புது லிஃப்ட் திறப்பு விழா, எல்லாரும் வருகன்னு எழுதியிருக்கு டீச்சர்."

டீச்சர் போட்டோவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ நான் லிஃப்டுக்கா கடிகாரம் குடுத்தேன்?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் முதலில் முறைத்தார், அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பதினஞ்சு வருஷமா கேட்டுக் கேட்டு உங்கள இந்தக் கதிக்குக் கொண்டு வந்ததுல எனக்கும் பங்கு இருக்கு. எழுந்திருங்க. காலையில ஆபீசுக்கு நானும் வர்றேன்."

அலுவலர் லேசில் நம்பவில்லை. "முதல்ல ஆயிடுச்சுன்னீங்க. இப்ப ஆகலைங்கறீங்க. நான் எதை எழுதறது?"

"சார், முப்பது வருஷம் பரிட்சைப் பேப்பர் திருத்தினவ நான். என் விடையே தப்புன்னாலும் சிவப்பு மையில அடிப்பேன். அடிங்க, எழுதுங்க, கையெழுத்து போடறேன்."

அது போதாது, லிஃப்ட் திறந்த கட்டடத்திலிருந்தும் கடிதம் வேண்டும் என்றார். டிரைவர் தன் கட்டடத்துச் செயலாளரிடம் போனாள். 'மேற்படி நாளில் இங்கே நடந்தது லிஃப்ட் திறப்பு மட்டுமே, கல்யாணம் எதுவும் நடக்கவில்லை' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார் அவர். இப்போதும் படியில் பார்த்தால் எதற்குக் கேட்டீர்கள் என்று விசாரிக்கிறார்.

சான்று என் கைக்கு வந்தது தேதிக்கு இரண்டு நாள் முன்னால். மொழிபெயர்ப்பாளர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்.

பதிவு அலுவலகம் மூன்றாவது மாடி. பதினைந்து நாற்காலி, பிளாஸ்டிக் பூ, மூக்கு ஒழுகும் பதிவாளர். சாட்சிக்கு என் கூட வேலை செய்பவனும் டிப்போ பரிசோதகரும். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அதற்குள் அக்கா, மாமா, டீச்சர், நாலு மாடி ஜனமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரியுமா என்று பதிவாளர் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். போன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

டீச்சர் முந்திக்கொண்டார். "ஒரு தடையும் இல்ல! இந்தத் தடவை நல்லா விசாரிச்சாச்சு."

பதிவாளர் என்னவென்று கேட்க, டிரைவர் சுருக்கமாகக் கதையைச் சொன்னாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பேனாவை நீட்டினார். அவள் போட்டாள், நான் போட்டேன். மேஜைக்கு அடியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் போட்டோ எடுக்க நின்றோம். அவள் கையில் பூங்கொத்து, எனக்கு அதே கோட்டு. இன்னும் துண்டிக்காத போனிலிருந்து அக்கா அலறினாள்.

"டேய், நில்லு நில்லு! உங்களுக்குப் பின்னாடி என்னடா அது?"

திரும்பிப் பார்த்தேன். "லிஃப்ட்."

"ஐயோ, அங்கேர்ந்து தள்ளி வாங்கடா ரெண்டு பேரும்! இந்தத் தடவை நான் எதையும் வெட்ட மாட்டேன்."

தள்ளி நின்றோம், ஜன்னல் ஓரமாக. போனுக்குள் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. மாமா ஸ்டூல்மேல் ஏறி நிற்க, டீச்சர் கீழேயிருந்து அந்தக் கடிகாரத்தை இரண்டாவது தடவையாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.